விறைப்பு விட்ட குரல்

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அதை நான் மறுப்பதில்லை. துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு குளத்துக்குக் கீழே எங்கள் வயல் இருக்கிறது. என் தகப்பன் காலத்தில், குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டின குடும்பம் நாங்கள். வயலின் இந்தத் தலைப்பில் நின்று நான் கதைத்தால் அந்தத் தலைப்பில் மாடு நிமிர்ந்து பார்க்கும் என்று என் மனுசனே சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்த வாயில்தான் எங்கள் வீடு ஓடுகிறது என்பது அவருக்கும் தெரியும்.

அவருக்குக் கண் தெரியாது. கடைசிச் சண்டையில் வெடித்த செல்லின் துண்டுகள் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டன. அப்போது எங்களுக்குக் கலியாணமாகிக் கன காலம் ஆகியிருக்கவில்லை. அதற்காக மனுசன் கதிரையில் குந்தியிருந்து காலம் போக்குகிற ஆளில்லை. வயலில் புல்லுப் பிடுங்குவார், மடை திறப்பார், மாட்டுக்குத் தண்ணீர் வைப்பார். அவர் வரம்பில் நடந்து வரும்போது மறு நுனியில் நின்று நான் ஏதாவது கதைத்துக்கொண்டிருக்க வேண்டும். என்ன கதை என்பது முக்கியமில்லை, திட்டினாலும் போதும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நேரே வந்துவிடுவார். யாரோ நல்ல மனதோடு ஒரு வெள்ளைத் தடி வாங்கிக் கொடுத்தார்கள். அது கதவு மூலையில் சாத்தியபடியே கிடந்து பல்லிக்கு வீடாகிவிட்டது.

நடக்க வழி காட்டுவது ஒன்று. பார்த்ததைச் சொல்வது இன்னொன்று. குளத்தில் தண்ணீர் எதுவரைக்கும் நிற்கிறது, வானம் இன்றைக்கு என்ன நிறம், யார் புதுச் சைக்கிளில் போகிறார்கள், எந்த வீட்டு வேலி சரிந்து கிடக்கிறது என்று எல்லாம் சொல்வேன். சில நாட்களில் சொல்ல ஒன்றுமே இருக்காது. அப்போது கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். வராத கொக்கை வரவைப்பேன்.

"உந்தக் கொக்கு நேற்றும் வந்ததெல்லோ?" என்று பிடித்துவிடுவார்.

"இது அதின்ர தம்பி," என்பேன்.

குரல் மட்டும் என்னோடு சேர்ந்து வயது போகாமல் நின்றுவிட்டது. போனில் முதல் தரம் கதைக்கிறவர்கள், "பிள்ளை, அம்மாட்டைக் குடும்," என்பார்கள். நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன். வெளியில் எரிந்து விழுவேன்.

கழுத்தில் இருந்த கட்டியை முதலில் கண்டுபிடித்தது அவருடைய விரல்கள்தான். ஒரு நாள் கோயிலுக்கு வெளிக்கிடும்போது சங்கிலிக் கொழுக்கியை மாட்டிவிடச் சொன்னேன். மாட்டிய கை அப்படியே நின்றது.

"இதென்ன, இதில ஒண்டு கிடக்கு?"

"கொழுப்பு."

"உமக்குக் கொழுப்பெண்டது ஊருக்கே தெரியும். இது வேற," என்றார்.

மல்லாவி ஆஸ்பத்திரியில் காட்டி, அங்கிருந்து துண்டு எழுதித் தந்து, பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனோம். தைரொயிட் சுரப்பியில் கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று சோதித்துச் சொன்னார்கள். ஆனால் அது மூச்சுக் குழாயை அமத்தத் தொடங்கியிருந்தது. மல்லாக்கப் படுத்தால் எனக்கு மூச்சு முட்டுவதற்குக் காரணம் அதுதான். எடுத்துவிட வேண்டும் என்றார் சத்திரசிகிச்சை செய்கிற டொக்டர். நல்ல பொறுமைசாலி. எங்கள் இரண்டு பேரையும் இருத்தி வைத்துச் சொன்னார்.

"குரலுக்குப் போற நரம்பு இந்தச் சுரப்பிக்குப் பின்னால நூல் மாதிரி ஓடுது. கவனமாத்தான் செய்வம். எண்டாலும் சில பேருக்குக் குரல் கொஞ்சம் மாறலாம்."

"மாறுறதெண்டா?" என்று கேட்டேன்.

"கரகரக்கலாம். சத்தம் குறையலாம். கன பேருக்குப் பிறகு சரிவரும்."

பிறகு அவர் நோவைப் பற்றிச் சொன்னார். காயத்தைத் தைப்பதற்கு முதல் சுற்றிவர விறைப்பு மருந்து போட்டுவிடுவார்களாம். மயக்கம் தெளிந்து எழும்பும்போது நோகாதாம். அது மெல்ல மெல்ல விடும்போது விழுங்கக் குளிசை தருவார்களாம். நோகுதென்றால் வெட்கப்படாமல் கேட்க வேண்டுமாம். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்றும் காதில் ஏறவில்லை. குரல் மாறலாம் என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் மாங்குளம் தாண்டின பிறகுதான் வாய் திறந்தார்.

"மூச்சில்லாட்டிக் குரல் எங்கால வாறது? வெட்டத்தான் வேணும்."

அது சரியான கதை. சரியான கதை என்பதால்தான் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் கொஞ்சம் அழுதால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

என் தங்கச்சியின் மகள், எங்களோடு நன்றாக ஒட்டின பெறாமகள், ஒரு யோசனை கொண்டுவந்தாள். "பெரியம்மா, ஒப்பரேசனுக்கு முதல் உங்கட குரலைப் போனில பதிஞ்சு வைப்பம். பெரியப்பா கேக்கலாமெல்லோ."

"ஏன், செத்தவீட்டில போடவோ?" என்று அவள் மேல் பாய்ந்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அதன் பிறகு வந்த நாட்களில் அவர் என்னிடம் முன்பு ஒருபோதும் கேட்காததையெல்லாம் கேட்கத் தொடங்கினார். கிணற்றுக் கட்டில் பாசி பிடித்திருக்கிறதா, எந்தப் பக்கம்? குசினி ஓட்டில் உடைந்த இடம் எப்படி இருக்கிறது? முன்வீட்டுப் பிள்ளை என்ன நிறத்தில் சட்டை போட்டிருக்கிறது? அவர் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மாரிக்கு விறகு அடுக்குவது போல அந்த மனுசன் என் குரலை அடுக்கி வைக்கிறார் என்று விளங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்குக் கேட்கக்கூடாதென்று, மாட்டைக் கட்டாமல் விட்டதற்காக அவரைத் திட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன்.

ஒப்பரேசன் முடிந்து முழித்தபோது நான் குளத்தில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் வாய்க்குக் கீழே நாடிவரைக்கும் இருந்தது. அணைக்கட்டில் மருத மரங்கள் நின்றன. வெயில் இலைகளுக்கூடாக விழுந்து தண்ணீரில் ஆடியது. தலை எனக்குச் சொந்தமாக இருந்தது. கால்கள் எங்கேயோ அடியில், சேற்றில், அவையும் எனக்குச் சொந்தமாகத்தான் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் தண்ணீர் குளிர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் அசையாமல் நின்றேன். அசைந்தால் தலை மிதந்து போய்விடும் என்று நினைத்தேன்.

பிறகு மருத மரம் மெல்லச் சுழலத் தொடங்கி, மின்விசிறியாகிவிட்டது. தண்ணீர் வெள்ளைப் படுக்கைச் சீலையானது. ஆஸ்பத்திரி வாட்டில் மத்தியான வெளிச்சம் நிறைந்திருந்தது. சன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதன் நிழல் சுவரில் ஏறி, இறங்கி, திரும்ப ஏறியது. யாரோ செருப்பை இழுத்து இழுத்து நடந்து போனார்கள். அந்தச் சத்தம் போய் முடியவே இல்லை.

கையைத் தூக்கி நாடிக்குக் கீழே தொட்டுப் பார்த்தேன். விரலுக்குத் தோல் தெரிந்தது. தோலுக்கு விரல் தெரியவில்லை. அது யாரோ ஒருத்தியின் கழுத்து. அவள் கழுத்தில் கட்டுப் போட்டிருந்தார்கள். காது மடல்வரைக்கும் அவள்தான். அதற்கு மேலே நான்.

கழுத்தை வெட்டித் தைத்திருக்கிறார்கள், எனக்கு ஒரு பொட்டுக்கூட நோகவில்லை. டொக்டர் சொன்ன விறைப்பு மருந்து இதுதான் என்று அப்போதுதான் நினைவு வந்தது. நான் அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் இருந்த நேரத்திலேயே, இன்னும் வராத என்னுடைய நோவுக்கு அந்த மனுசர் ஒரு ஏற்பாடு யோசித்து வைத்திருந்திருக்கிறார். எங்களுக்கு எல்லாம் வந்த பிறகுதான் யாராவது வருவார்கள். வெள்ளம் வந்த பிறகு பாய் வரும். வீடு போன பிறகு தகரம் வரும். நோ வருவதற்கு முன்னமே வாசலில் ஒருவர் போய் நின்று, கொஞ்சம் பொறு, அவள் நித்திரை கொள்ளட்டும் என்று சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நான் அந்த மத்தியானம் மிகவும் சந்தோசமாக இருந்தேன். கூச்சமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

கண்ணை மூடினால் குளம், திறந்தால் வாட். இரண்டிலும் ஒரே வெளிச்சம். எதிர்க் கட்டிலில் ஒரு அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தா. சன்னல் கம்பியில் ஒரு காகம் வந்து குந்தி, கஞ்சிக் கோப்பையைப் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்தது. இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். காகத்தின் மூக்கில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு கிடந்தபோது தாகம் எடுத்தது. அந்தப் பக்கமாக வந்த இளம் நேர்ஸிடம், "தண்ணி," என்றேன்.

காற்று மட்டும் வந்தது.

திரும்பச் சொன்னேன். வாய் அசைந்தது, உதடு அசைந்தது, சத்தம் இல்லை. கிணற்றில் வாளியை விட்டு, வெறும் கயிறு மட்டும் மேலே வந்தது போல இருந்தது. அந்த நிமிடத்தில் குளமும் போய்விட்டது, மருத மரமும் போய்விட்டது.

நேர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தாள். "பயப்படாதேங்கோ அம்மா. விறைப்பு மருந்து குரல் நரம்புப் பக்கமும் கொஞ்சம் போகும். தொண்டைக்குள்ள குழாயும் விட்டதெல்லோ. விறைப்பு விடட்டும், பாப்பம். இப்ப கதைக்காதேங்கோ." கரண்டியால் தண்ணீரை வாயில் விட்டுவிட்டுப் போனாள்.

ஆகவே நான் விறைப்பு விடட்டும் என்று காத்துக் கிடந்தேன். நோ எப்போது வரும் என்று வழி பார்த்துக் கிடந்தவள் அந்த ஆஸ்பத்திரியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நோ வந்தால் பின்னாலேயே குரலும் வரும் என்பது என்னுடைய கணக்கு.

அப்படிக் கிடக்கும்போது இன்னொரு இடம் நினைவில் வந்தது. கடைசிச் சண்டை நேரம் காயக்காரருக்கு ஆஸ்பத்திரியாக்கியிருந்த ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளைச் சேர்த்துக் கட்டிலாக்கியிருந்தார்கள். இவருக்குக் கண்ணில் பட்டது மட்டுமில்லை, துடையிலும் பெரிய காயம். தைக்க வேண்டும். விறைப்பு மருந்துப் போத்தலின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. தைக்க வந்தவர் அதை ஊசியில் எடுத்த நேரம் பக்கத்து வாங்கில் ஒரு சின்னப் பெண்பிள்ளை கத்தினது. "எனக்கு வேண்டாம், அதுக்குப் போடுங்கோ," என்றார் இவர். இவர் ஒரு பெரிய தியாகி என்று இதைச் சொல்லவில்லை. அங்கே எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மருந்து யாரிடம் வந்தாலும் அவர் அடுத்தவரைக் கைகாட்டுவார். கல்யாணப் பந்தியில் கடைசி வடையைத் தள்ளிவிடுவது போல, அது எங்களுக்குள் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

பிறகு என்னுடைய கையைத் தேடிப் பிடித்து, "நீர் கதையும்," என்றார்.

"என்னத்தைக் கதைக்க?"

"என்னத்தையெண்டாலும். என்ன தெரியுதெண்டு சொல்லும்."

சன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை நின்றது. அதைச் சொன்னேன். ஒரு ஆடு யாருடையதோ பாயைத் தின்றுகொண்டிருந்தது. அதைச் சொன்னேன். "முருங்கை என்ன பச்சை?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "இளம் பச்சை," என்றேன். ஊசி போய் வந்துகொண்டிருந்தது. பார்த்துச் சொல்லுகிற என் உத்தியோகம் அன்றைக்குத் தொடங்கியதுதான். அதன் பிறகு ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை.

பின்னேரம் வெயில் சரிந்தபோது விறைப்பு விடத் தொடங்கியது. முதலில் காது மடலுக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது. பிறகு நாடியின் கீழ்த் தோல் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த யாரோ ஒருத்தி கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போக, அவளுடைய கழுத்து என்னுடையதாகிக்கொண்டு வந்தது. வந்தது சும்மா வரவில்லை. எச்சில் விழுங்கினால் தொண்டைக்குள் உமியை அள்ளிப் போட்டது போல அறுத்தது. தலையைத் திருப்பினால் தையல் இழுத்தது. வா வா என்று கூப்பிட்ட நோ பெட்டி படுக்கையோடு வந்து குந்திவிட்டது. குரலைக் காணவில்லை.

நேர்ஸ் குளிசைத் தட்டோடு வந்தாள். "நோகுதோ அம்மா? கூடவோ, குறையவோ?"

நான் தலையை ஆட்டாமல் கையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று. பிறகு அந்தக் கையாலேயே பக்கத்துக் கட்டிலைக் காட்டினேன். அங்கே பூவரசங்குளத்திலிருந்து வந்த ஒரு மனுசி. அவளுடைய அப்பா அம்மா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர்கள். சொந்தமாகக் கச்சான் கடலை போடுகிறாள். பித்தப்பையில் கல் எடுத்திருந்தார்கள். காலையில் நான் ஒப்பரேசன் தியேட்டருக்குப் போக முதலே இந்தக் கதையெல்லாம் என்னிடம் சொல்லி முடித்திருந்தாள்.

நேர்ஸ் அவளிடம் போனாள். அவள் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சொன்னாள்: "எனக்கு வேணாங்க மிஸ். அந்தக்கா கழுத்தையே அறுத்து வச்சிருக்காங்க. அவங்களுக்குக் குடுங்க."

நேர்ஸ் திரும்ப என்னிடம் வந்தாள். நான் திரும்ப அவளைக் காட்டினேன். அவள் திரும்ப என்னைக் காட்டினாள். கடைசியில் குளிசை தட்டிலேயே இருந்து, வந்த வழியே போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, பெரிய காரியம் ஒன்றைச் செய்துவிட்டது போலத் தலையாட்டிக்கொண்டோம்.

என் பக்கத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. நோவை எடுக்கிற எந்த மருந்தும் கழுத்தைத் திரும்ப விறைக்கப் பண்ணும், வழியில் வந்துகொண்டிருக்கிற குரல் பயந்து திரும்பிப் போய்விடும் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கக் குரலும் இல்லை. எச்சிலை விழுங்காமல் சீலைத் துண்டில் துடைத்துக்கொண்டு, இருமல் வந்தால் அடக்கிக்கொண்டு, விடியும்வரைக்கும் மரக்கட்டை மாதிரிக் கிடந்தேன். இடையிடையே கண் அயர்ந்தால் குளம் வந்தது. ஆனால் இப்போது அணைக்கட்டின் மறு நுனியில் அவர் நின்றார். நான் வாயைத் திறந்து திறந்து மூடினேன். அவர் தலையைச் சரித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

காலையில் டொக்டர் வந்து பார்த்தார். முகத்தைப் பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இவ்வளவு நோவோட ஏன் குளிசை எடுக்கேல்ல?"

நேர்ஸ் நடந்ததைச் சொன்னாள். டொக்டர் என்னையும் பார்த்தார், பக்கத்துக் கட்டிலையும் பார்த்தார். "நோவெண்டா நீங்கள் இருமமாட்டியள், விழுங்கமாட்டியள், வாய் திறந்து கதைச்சுப் பாக்கமாட்டியள். பிறகு குரல் வந்ததோ வரேல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்? நரம்பு நல்லா இருக்கு. களைச்சுப்போய்க் கிடக்கு. விறைப்பு மருந்து போட்டதே உங்களுக்கு நோகாம இருக்கத்தான். அது விட்டதெண்டா மற்ற மருந்தை எடுக்கவேணும். மிச்சம் பிடிச்சு ஆருக்குக் குடுக்கப் போறியள்?"

நான் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

டொக்டர் போன பிறகு நேர்ஸ் எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றாள். அவள் ஏச்சுத் தரப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் போய், மருந்து அலுமாரியிலிருந்து ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே அட்டை அட்டையாகக் குளிசை நிறைந்து கிடந்தது.

"மருந்தில்லாத அந்தக் கடைசிச் சண்டையில நானும் அங்க இருந்தனான் அம்மா, சின்னப் பிள்ளையா," என்றாள். "பாருங்கோ. இப்ப எல்லாருக்கும் கிடக்கு."

பூவரசங்குளத்து மனுசி எட்டிப் பார்த்தாள். "அம்புட்டும் வலிக்கா?" என்று கேட்டாள், ஏதோ விதைநெல்லைப் பார்ப்பது போல. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் உயிர் போகிற மாதிரி இருந்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது. அது சிரிப்பால் வந்ததா நோவால் வந்ததா என்று என்னைக் கேட்கக்கூடாது. இரண்டு பேரும் கையை நீட்டினோம். விழுங்கும்வரைக்கும் நேர்ஸ் நகரவில்லை.

கொஞ்ச நேரத்தில் உடம்பு இளகியது. இது விறைப்பு இல்லை. கழுத்து என்னுடையதாகவே இருந்தது, நோவும் என்னுடையதாகவே இருந்தது, ஆனால் அது எழும்பி வாங்கின் ஓரத்துக்குப் போய், எனக்கும் இருக்க இடம் விட்டது. தேத்தண்ணீர் ஆற்றிக் குடித்தேன். பயந்து பயந்து ஒருக்கால் இருமினேன். பிறகு கண்ணை மூடி, அம்மனை நினைத்துக்கொண்டு, "அம்மாளாச்சி," என்றேன்.

யாரோ ஒரு ஆள் என் தலைமாட்டில் நின்று அம்மாளாச்சி என்றது போலக் கேட்டது. தாழ்ந்த, கரகரத்த, வயது போன ஒரு குரல். திரும்பிப் பார்க்கக்கூடப் போனேன்.

"அக்கா, ஆம்பள மாதிரிப் பேசுறீங்க," என்றாள் பக்கத்துக் கட்டில்.

குரல் வந்துவிட்டது என்று சந்தோசப்பட வேண்டிய இடம். எனக்குப் பயம்தான் வந்தது. இது என்னுடையது இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு யார் வரம்பில் நடப்பது? நேர்ஸிடம் கேட்டேன். போகப் போகத் தெளியலாம், சில வேளை கொஞ்சம் இப்படியே நிற்கவும் கூடும் என்றாள். பொய் சொல்லாதவள். அதற்காகவே அவள் மேல் எரிச்சல் வந்தது.

பார்க்க விடுகிற நேரம் வந்தது. வாட் வாசலில் ஆட்கள் நெரிந்தார்கள். நெரிசல் குறைந்த பிறகு பெறாமகள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். கல்யாண வீட்டுக்குப் போடுகிற சேட்டுப் போட்டிருந்தார். பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. அவர் அவளுடைய கையை விட்டுவிட்டார். என்னிடம் வரும்போது இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு வருவது அவருக்குப் பிடிக்காது. தலையை ஒரு பக்கம் சரித்து, முகத்தில் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சாருங்கோ," என்று கூப்பிட்டேன். "நான் இஞ்ச."

அவர் அசையவில்லை. வேறு யாரோ ஒரு மனுசி தன்னுடைய ஆளைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, வழி விடுவதற்காக மரியாதையாக ஒரு பக்கம் ஒதுங்கி நின்றார்.

கழுத்தை வெட்டினது எனக்குத் தெரியாது. இது தெரிந்தது. விறைப்பு மருந்து எதுவும் இதற்கு இல்லை. வேதனை கோபமாகிக் கோபம் வாய்க்கு வந்துவிட்டது.

"ஏன் மரம் மாதிரி நிக்கிறியள்? சேட்டுப் பொத்தானையும் மாறிப் பூட்டிக்கொண்டு! நேர வாங்கோ. இடக்கைப் பக்கம் வாளி கிடக்கு, உழக்கிப்போட்டு வராதேங்கோ."

அவருடைய முகம் சட்டென்று திரும்பியது. குரலை அவர் அறியவில்லை, பேச்சை அறிந்துவிட்டார். வாளியை விலத்தி, கட்டில் காலில் முழங்கால் இடிபட, நேரே வந்து சேர்ந்தார். பெறாமகள் கதிரையை இழுத்துப் போட்டாள். இருந்து, என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார். நான் காகத்தைச் சொன்னேன், பருக்கையைச் சொன்னேன், குளிசை அங்கும் இங்கும் போய் வந்த கதையைச் சொன்னேன். வழக்கமாக இடையிடையே குறுக்குக் கேள்வி கேட்கிறவர் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன, ஆரோ அந்நியப் பொம்பிளைக்குப் பக்கத்தில இருக்கிற மாதிரி இருக்கிறியள்? குரல் இப்பிடித்தான். பழைய மாதிரி வருமோ எண்டு தெரியாது. கவலையெண்டாக் கவலை எண்டு சொல்லுங்கோ."

"கவலை இல்ல," என்றார். பிறகு என் விரல்களை நெறித்தபடி சொன்னார்.

"நான் கடைசியாக் கண்ட நேரம் நீர் இளம் பெட்டை. பிறகு குரலும் மாறேல்ல. ஒவ்வொரு நாளும் வரம்பில நிண்டு கூப்பிட்டது அந்தப் பெட்டைதான். எனக்கு முழங்கால் பிடிக்குது, பல்லு ஆடுது, தலையில கை வைச்சா மயிரைக் காணேல்ல. நீர் மட்டும் அப்பிடியே நிண்டனீர். நான் தனியக் கிழவனாகிக்கொண்டு இருந்தனான். அதை உமக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"இப்ப?"

"இப்ப நீரும் வந்திட்டீர்."

 வேப்பமர நிழல் சுவரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கை கழுத்துக் கட்டைத் தொடாமல் சுற்றிக்கொண்டு மேலே வந்து, என் காதோர மயிரில் நின்றது.

"நரைச்சிட்டுதோ?" என்று கேட்டார்.

குளத்தின் நிறம் சொன்னேன், வானத்தின் நிறம் சொன்னேன், ஊரில் ஓடின சைக்கிள் ஒவ்வொன்றின் நிறமும் சொன்னேன். என் தலைமயிரின் நிறத்தை அவருக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் கேட்டதுமில்லை. கேட்டிருந்தாலும் கறுப்பு என்றுதான் சொல்லியிருப்பேன்.

"ஓம்," என்றேன், அந்தக் கரகரத்த குரலில். "காதோரம் முழுக்க வெள்ளை. முன்னுக்கும் வந்திட்டுது."

அவர் கதிரையைக் கட்டிலோடு நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"சொல்லும்," என்றார். "முகத்தைச் சொல்லும்."